டவுன் சிண்ட்ரோம்: பெயர் தெரிந்த பிறகும் கேட்க வேண்டிய கேள்விகள்

குரோமோசோம் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் குடும்பத்தில் எழுகிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "லேசானதா, கடுமையானதா?" சொந்தக்காரர்கள் கேட்பார்கள், பள்ளியில் கேட்பார்கள், சில நேரம் வேறு துறை டாக்டரே கேட்பார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இருப்பதுபோல இதற்கும் ஓர் அளவு இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. அப்படி ஓர் அளவு கிடையாது.

இன்னொரு குழப்பம் இதற்கு நேர் எதிர்த் திசையில் இருந்து வருகிறது. பெயர் தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு குழந்தைக்கு வருகிற எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரையே காரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். கூப்பிட்டால் திரும்பவில்லையா, டவுன் சிண்ட்ரோம். பகலில் சோர்ந்து கிடக்கிறதா, டவுன் சிண்ட்ரோம். பாடத்தில் கவனம் இல்லையா, அதுவும் டவுன் சிண்ட்ரோம். ஒரு மரபணு அறிக்கையால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பது தெளிவானால் இரண்டு குழப்பமும் தீரும். அடிப்படையில் இருந்து பார்க்கலாம்.

உடலில் நடந்திருப்பது என்ன?

மனித உயிரணு ஒவ்வொன்றிலும் பொதுவாக 46 குரோமோசோம்கள் இருக்கும். தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஜோடிகள் சரியாகப் பிரியாமல் போனால், ஒரு குரோமோசோம் கூடுதலாகப் போய்ச் சேரும். அப்படி 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதுதான் டவுன் சிண்ட்ரோம். ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1866இல் வெளித்தோற்றத்தை வைத்து இதை விவரித்தார். காரணம் கூடுதல் குரோமோசோம்தான் என்று பிரான்சில் ஜெரோம் லெஜ்யூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்பேன் ஆகியோர் வெளியிட்டது 1959இல். இடையில் 93 ஆண்டுகள். அத்தனை காலமும் முகத்தைப் பார்த்தே ஒரு மனிதரின் முழுக் கதையையும் எழுதிவிடுகிற பழக்கம் மருத்துவத்தில் ஊறிப்போயிருந்தது. அது இன்னும் முழுசாகப் போய்விடவில்லை.

இதில் மூன்று வகை உண்டு.

1. டிரைசோமி 21. சுமார் 95 சதவீதம் பேருக்கு இதுதான். எல்லா உயிரணுவிலும் மூன்றாவது 21ஆம் குரோமோசோம் தனியாக இருக்கும்.

2. டிரான்ஸ்லொகேஷன். 3 முதல் 4 சதவீதம். கூடுதல் 21ஆம் குரோமோசோம் வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தையைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பெற்றோரில் ஒருவரிடமே அந்த ஒட்டல், எந்தப் பாதிப்பும் தராமல், ஏற்கெனவே இருந்திருக்கலாம். அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கிறவர்கள் தங்களுக்கும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியது இந்த வகையில்தான்.

3. மொசைக். 1 முதல் 2 சதவீதம். சில உயிரணுக்களில் 47 குரோமோசோம், மற்றவற்றில் 46.

தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும்: 35 வயதில் ஏறக்குறைய 350 பிரசவத்துக்கு ஒன்று, 40 வயதில் ஏறக்குறைய 100க்கு ஒன்று. அதற்காக இளம் தாய்மாருக்கு வராது என்று நினைத்துவிடக் கூடாது. மொத்தப் பிரசவங்களில் பெரும்பங்கு இளம் வயதினருடையது என்பதால், டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளிலும் அவர்கள் பெற்றவையே அதிகம். கர்ப்ப காலத்தில் சாப்பிட்டது, தூக்கியது, பயந்தது, அழுதது எதுவும் இதற்குக் காரணமில்லை. உயிரணு பிரிவது யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை.

அறிக்கையால் சொல்ல முடியாதது

21ஆம் குரோமோசோம் மனிதக் குரோமோசோம்களிலேயே மிகச் சிறிய ஒன்று. அதில் இருக்கும் மரபணுக்கள் சில நூறுதான். குழந்தையின் மற்ற மரபணுக்கள் எல்லாம், அதாவது பல ஆயிரம், எல்லாக் குழந்தைகளுக்கும் போலவே அப்பா அம்மாவிடமிருந்து வந்தவை. உயரம், முகச்சாயல், கோபம், இசை நாட்டம், அடம், கூச்சம் என எல்லாவற்றிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஒத்திருப்பதைவிட, அவரவர் உடன்பிறந்தாரை அதிகம் ஒத்திருப்பதைப் பழகியவர்கள் கவனித்திருப்பார்கள்.

ஆகவே "லேசானதா, கடுமையானதா" என்ற கேள்விக்குப் பரிசோதனைக் கூடத்தில் விடை இல்லை. ஒரே மாதிரி அறிக்கை உள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்று 5 வயதில் வாக்கியமாகப் பேசலாம், இன்னொன்று சைகையிலும் ஒற்றைச் சொற்களிலும் பேசலாம். ஒன்றுக்கு இதய அறுவை சிகிச்சை தேவைப்படலாம், இன்னொன்றின் இதயத்தில் குறையே இல்லாமல் இருக்கலாம். மொசைக் என்றால் லேசானது என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. ரத்தத்தில் எத்தனை சதவீத உயிரணு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அறிக்கை காட்டும். மூளையிலும் இதயத்திலும் அதே விகிதம் இருக்க வேண்டும் என்பதில்லை.

கர்ப்ப காலத்தில் 10ஆம் வாரத்துக்குப் பிறகு தாயின் ரத்தத்தை எடுத்துச் செய்யும் டிஎன்ஏ பரிசோதனைக்கும் இது பொருந்தும். அது சாத்தியத்தைக் கணிக்கும் சோதனை. உறுதி செய்ய நஞ்சுக்கொடித் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்துப் பார்க்க வேண்டும். உறுதியானாலும் தெரிவது குரோமோசோம் எண்ணிக்கைதான். பிறக்கப்போகிற பிள்ளை எப்படிப்பட்டதாக இருக்கும் என்பது எந்தக் குடும்பத்துக்கும் முன்கூட்டித் தெரியாத விஷயம்.

நோய்ப்பெயரின் நிழல்

மருத்துவத்தில் டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங் என்று ஒரு சொல் 1980களில் இருந்து புழங்குகிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு வேறொரு பிரச்சினை வரும்போது, அதையும் பழைய கணக்கிலேயே எழுதிவிடுவது. பெரிய பெயரின் நிழலில் சின்னப் பெயர் கண்ணில் படாமல் போகிறது. சரி, இதனால் என்ன நஷ்டம் என்று கேட்டால், நஷ்டம் இதுதான்: டவுன் சிண்ட்ரோமைச் "சரிசெய்ய" முடியாது, ஆனால் நிழலில் மறைந்துபோகிறவற்றில் பல சிகிச்சையால் தீரக்கூடியவை.

ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியபடி "புத்தகத்தைத் திற" என்கிறார். எல்லாக் குழந்தைகளும் திறக்கின்றன. ஒரு குழந்தை மட்டும் ஒரு நொடி தாமதித்து, பக்கத்துக் குழந்தையின் கையைப் பார்த்துவிட்டு, பிறகு திறக்கிறது. ஆசிரியர் முகம் பார்த்துச் சொல்லும்போது இந்தத் தாமதம் இல்லை. முதல் நாளே இதைக் கவனிக்கிற ஆசிரியர் காதுப் பரிசோதனைக்கு அனுப்புவார். கவனிக்காதவர் "புரிந்துகொள்ள நேரமாகும்" என்று குறிப்பேட்டில் எழுதுவார். அந்தக் குறிப்பு அடுத்த வகுப்புக்கும் கூடவே போகும்.

அடிக்கடி மறைந்துபோகிறவை இவை.

1. காது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்குக் கேட்கும் திறனில் ஏதோ ஒரு கட்டத்தில் குறை வரக்கூடும். பெரும்பாலும் நடுக்காதில் கோந்து போலத் திரவம் சேர்வதால். வலி இருக்காது, சீழ் வராது. ஒரு மாதம் கேட்கும், அடுத்த மாதம் மங்கும். காதுத் துளை மிகக் குறுகலாக இருப்பதால் சாதாரணமாக உள்ளே பார்த்தால் தெரியாமலும் போகும். பேச்சு வரவில்லை என்று பயிற்சிக்கு அலைவதற்கு முன் காது கேட்கிறதா என்று பார்ப்பதுதான் முறை.

2. கண். தூரப்பார்வை, கிட்டப்பார்வை போக, பக்கத்தில் இருப்பதைக் குவித்துப் பார்க்கும் சக்தியே பலருக்குக் குறைவு. நோட்டுப் புத்தகத்தின் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் எந்தக் குழந்தைதான் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்? தூரத்துக்கும் பக்கத்துக்கும் தனித்தனிப் பகுதி உள்ள பைஃபோகல் கண்ணாடி இவர்களில் பலருக்கு நன்றாக உதவுகிறது.

3. தூக்கம். உறக்கத்தில் மூச்சு அடைபடும் ஸ்லீப் ஆப்னியா இவர்களில் பாதிப் பேருக்கு மேல் காணப்படுகிறது. குறட்டை இல்லாமலும் இருக்கலாம் என்பதால், பெற்றோர் "நன்றாகத்தான் தூங்குகிறான்" என்று சொல்வதை மட்டும் நம்ப முடியாது. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 4 வயதுக்குள் ஒருமுறை தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. இரவில் மூச்சுத் திணறுகிற பிள்ளை பகலில் சிடுசிடுப்பாகவும் கவனம் சிதறியும் இருப்பதில் வியப்பில்லை.

4. தைராய்டு. சுரப்பு குறைந்தால் மந்தம், மலச்சிக்கல், எடை கூடுவது, வறண்ட சருமம். இந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும், ஏன் இதை டவுன் சிண்ட்ரோமின் "இயல்பு" என்று தள்ளிவிடுகிறார்கள் என்று. ஒரு ரத்தப் பரிசோதனை, தினம் ஒரு மாத்திரை. ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியது.

5. வலி. வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை அதை நடத்தையில் காட்டும். திடீரென்று தலையில் அடித்துக்கொள்ளத் தொடங்கினால் பல், காது, வயிறு மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் கேட்க உருப்படியான கேள்வி ஒன்று உண்டு: "இதே அறிகுறியோடு டவுன் சிண்ட்ரோம் இல்லாத குழந்தை வந்திருந்தால் என்ன பரிசோதனை எழுதியிருப்பீர்கள்?" சண்டை போடத் தேவையில்லை. இந்தக் கேள்வி பெரும்பாலான நேரம் வேலை செய்யும்.

ஒரு வாழ்க்கை முழுவதும் விழுந்த நிழல்

இந்த நிழல் எவ்வளவு நீளம் போகும் என்பதற்கு ஜூடித் ஸ்காட்டின் வாழ்க்கை சாட்சி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1943இல் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர். கூடப் பிறந்த இரட்டைச் சகோதரி ஜாய்ஸுக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லை. ஜூடித்துக்கு 7 வயதானபோது கற்கும் திறனைச் சோதித்தார்கள், வாய்மொழிக் கேள்விகளால். பதில் வரவில்லை. கற்பிக்க இயலாதவர் என்று முடிவு கட்டி அரசு விடுதியில் சேர்த்தார்கள். அவருக்குக் காது கேட்காது. இது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. கேள்வியே காதில் விழாத குழந்தைக்குப் பதில் தெரியவில்லை என்று தீர்ப்பு எழுதியிருந்தார்கள்.

சுமார் 35 ஆண்டுகள் விடுதி வாழ்க்கை. 1980களின் நடுவில் ஜாய்ஸ் சட்டப்படி காப்பாளராகி அவரைக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்து வந்தார். ஓக்லாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கலைக்கூடம் ஒன்றில் சேர்த்தார். வண்ணமும் தூரிகையும் ஜூடித்தை ஈர்க்கவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் எதிலும் ஒட்டாமலே இருந்தார். பிறகு நூலும் இழையும் வைத்து நடந்த பயிற்சி ஒன்றில் கைக்குக் கிடைத்த பொருள்களை எடுத்து நூலால் சுற்றத் தொடங்கினார். 2005இல் இறக்கும்வரை நிறுத்தவில்லை. அந்தச் சிற்பங்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வரை சென்றிருக்கின்றன.

அவர் பெரிய கலைஞரானதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. நூலைத் தொடவே இல்லை என்றாலும், 7 வயதில் ஒரு காதுப் பரிசோதனை அவருக்குச் சேர வேண்டிய ஒன்று. அப்புறம் இன்னொன்றும் இருக்கிறது: அந்த இரண்டு ஆண்டு. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்த அவரை அந்தக் கலைக்கூடம் வெளியே அனுப்பவில்லை.

சாதனையாளர் கதைகள் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. ஸ்பெயினின் பாப்லோ பினேடா பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் கிறிஸ் நிக்கிச் 2020இல் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியை முடித்தார். மகிழ்ச்சியான செய்திகள்தான். ஆனால் இவற்றைப் பெற்றோருக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது இன்னொரு வகை முத்திரை. "இவனால் எதுவும் முடியாது" என்பது எப்படிக் குழந்தையைப் பார்க்காமல் சொல்லப்பட்டதோ, "இவனால் எல்லாம் முடியும்" என்பதும் அப்படியே.

பெயரை மறந்துவிடலாமா?

கூடாது. "நம் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, எல்லாரையும் போலத்தான்" என்று அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டுவதும் ஆபத்து. குழந்தை யார் என்று சொல்லாவிட்டாலும், எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று அந்தப் பெயர் சொல்லும். அதன் பயனே அதுதான்.

இதயம் நல்ல உதாரணம். ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குப் பிறவி இதயக் குறை இருக்கும். நான்கு அறைகளுக்கும் நடுவில் பெரிய துளை இருந்தாலும் பிறந்த முதல் சில வாரங்களில் இரைச்சல் கேட்காமல் போகலாம், குழந்தை சிவப்பாகத் துறுதுறுவென்று தெரியலாம். அதனால் ஸ்டெதஸ்கோப்பை நம்பி விடாமல் எல்லாருக்கும் எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுக்கச் சொல்கிறார்கள். காலம் தப்பினால் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, பிறகு அறுவை சிகிச்சையே செய்ய முடியாத நிலை வரும்.

கழுத்தின் மேல் எலும்பு மூட்டு சிலருக்குத் தளர்வாக இருக்கும். நன்றாக நடந்த பிள்ளை தள்ளாடத் தொடங்கினாலோ, கழுத்தைத் திருப்ப மறுத்தாலோ, கட்டுப்பாடு வந்த பிறகு மறுபடி சிறுநீர் தானாகப் போனாலோ உடனே காட்ட வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கும் இதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ரத்தப் புற்றுநோய், கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் ஆகியவற்றின் வாய்ப்பும் பொதுவான குழந்தைகளைவிடக் கூடுதல். ஆச்சரியமாக, திண்மக் கட்டிகளாக வரும் புற்றுநோய்கள் இவர்களுக்குக் குறைவு.

கற்றல்: எது முந்தும், எது பிந்தும்

எல்லாமே ஒரே அளவுக்குத் தாமதமாகும் என்பதுதான் பரவலான எண்ணம். உண்மையில் மேடு பள்ளமாக இருக்கும்.

1. புரிந்துகொள்வது பேசுவதைவிட முன்னே இருக்கும். வாயில் வராத சொல் மண்டையில் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தை இருக்கும்போதே அதைப் பற்றி மூன்றாம் மனிதர் போலப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

2. கேட்டு நினைவில் வைப்பதைவிடப் பார்த்து நினைவில் வைப்பது எளிது. "பையை வைத்துவிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்" என்று ஒரே மூச்சில் சொன்னால் கடைசித் துண்டு மட்டும் நிற்கும். மூன்று படங்களை வரிசையாகக் காட்டினால் மூன்றும் நடக்கும். பேச்சு வருவதற்கு முன் கைச் சைகை கற்றுக்கொடுப்பது பேச்சைத் தடுக்காது, உதவும். எழுத்துச் சொல்லும் கண்ணால் பார்ப்பதுதான் என்பதால், பேசத் தடுமாறும் சில குழந்தைகள் வாசிப்பின் வழியாகவே பேச்சுக்கு வருகிறார்கள்.

3. தசை தளர்வாக இருப்பதால் நடை தாமதமாகும். சராசரியாக 2 வயது வாக்கில் நடக்கிறார்கள். சிலர் முன்னதாக, சிலர் 3 வயது தாண்டி.

4. கடினமான வேலை வரும்போது சிரிப்புக் காட்டியோ கீழே உட்கார்ந்தோ தப்பிக்கும் சாமர்த்தியம் பலருக்கு உண்டு. இதைப் பிடிவாதம் என்கிறோம். தோற்றுப்போவோம் என்று தெரிந்து விலகுவது எந்தக் குழந்தையும் செய்வது. வேலையைச் சின்னத் துண்டாக்கி, முதல் துண்டில் தோற்க முடியாதபடி அமைத்தால் பாதிப் பிடிவாதம் காணாமல் போகும்.

"மன வயது" என்ற அளவீட்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. 16 வயதுப் பெண்ணுக்கு 6 வயதுக் குழந்தையின் மனம் என்று ஒரு சோதனை சொல்லலாம். ஆனால் அவள் 16 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறாள். உடல் வளர்ந்திருக்கிறது, மாதவிடாய் வருகிறது, பிடித்த பாட்டு இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்ள ஆசைப்படுகிறாள். 6 வயதுக்கானவள் என்று நினைத்தால் அவளுடைய உடலைப் பற்றி அவளுக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டோம். துன்புறுத்தலுக்கு எதிரான முதல் பாதுகாப்பே அந்த அறிவுதான்.

"எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், தெய்வக் குழந்தைகள்" என்ற பேச்சும் இதே ரகம். பாராட்டு போலத் தோன்றினாலும் விளைவு மோசம். சோகப்பட உரிமை இல்லாதவராக ஒருவரை ஆக்கிவிட்டால், அவருக்கு மனச்சோர்வு வரும்போது யாருக்கும் தெரியாது. அண்ணன் வேலைக்காக வெளியூர் போன பிறகு தம்பி பேசுவதைக் குறைத்தால், அது ஏக்கம். அதை யாராவது அப்படியே பார்க்க வேண்டும்.

ஆயுள் கூடியதன் பின்விளைவுகள்

1983இல் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் ஆயுள் 25 ஆண்டுகள் அளவில்தான் இருந்தது. இன்று சுமார் 60. இந்த மாற்றத்துக்குக் காரணம் அவர்களின் குரோமோசோம் அல்ல. பிறவி இதயக் குறைக்கு அறுவை சிகிச்சை கிடைத்ததும், விடுதிகளில் அடைத்து வைப்பது குறைந்ததும், தொற்றுகளுக்குச் சரியான நேரத்தில் மருந்து கொடுக்கப்பட்டதும்தான். இதன் பொருள், அந்தக் காலத்து ஆயுள் கணக்கில் நோயின் பங்கோடு நம்முடைய அலட்சியத்தின் பங்கும் சேர்ந்திருந்தது.

ஆகவே இன்று பிறக்கும் குழந்தைக்குப் பள்ளியோடு திட்டம் முடியாது. வேலை, நட்பு, சொந்த விருப்பப்படி செலவழிக்கக் கொஞ்சம் பணம், பெற்றோருக்குப் பிறகு யாரோடு வாழ்வது என்பதெல்லாம் கணக்கில் வர வேண்டும்.

முதுமையிலும் நிழல் விடாது. அல்சைமர் நோயோடு தொடர்புள்ள ஏபிபி என்ற மரபணு 21ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. அதனால் நடுத்தர வயதிலேயே மறதி நோய் வரும் வாய்ப்பு அதிகம். இது உண்மை. ஆனால் 42 வயதுக்காரர் மந்தமானதும் அல்சைமர் என்று முடிவு கட்டுவதற்கு முன் தைராய்டு, கண்புரை, காது, தூக்கம், மனச்சோர்வு ஐந்தையும் பார்த்தாக வேண்டும். இளைஞர்களுக்குத் திடீரென்று திறன்கள் பின்னடைந்தால் அதற்கும் தனியாகக் காரணம் தேட வேண்டும், சிகிச்சை உண்டு.

கோப்பில் ஒரு பக்கம்

பெற்றோர் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளியிலோ மருத்துவமனையிலோ கொடுக்கும் கோப்பில் முதல் தாளாக, மருத்துவ அறிக்கைகளுக்கு மேலே, குழந்தையைப் பற்றி ஒரு பக்கம் வைப்பது. "நட்பானவன், அன்பானவன்" என்று எழுதினால் பயனில்லை, அது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். வேண்டாம் என்பதை எப்படிக் காட்டுவான், வலித்தால் என்ன செய்வான், எந்தச் சத்தம் பிடிக்காது, புதியவர் பேசினால் எத்தனை நொடி காத்திருந்தால் பதில் வரும், எதைச் சொந்தமாகச் செய்துகொள்வான், எதற்கு மட்டும் உதவி வேண்டும், எதைப் பார்த்தால் வாய்விட்டுச் சிரிப்பான் என்று இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தி எழுத வேண்டும், ஏனென்றால் பாதி மாறியிருக்கும். எழுதத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் கடைசி இரண்டு வரியை அவனே எழுதட்டும். எழுதத் தெரியாவிட்டால் எந்தப் புகைப்படத்தை ஒட்டுவது என்பதையாவது அவனே தேர்ந்தெடுக்கட்டும்.